கணக்குப் பாடத்தில் ஆறு சுற்று

மேல் டிவிசன்,
பொகவந்தலாவை.
3 ஜூன் 2025

கணித ஆசிரியை ரிஸ்லா அவர்களுக்கு,

நான் தரம் பதினொன்றில் படிக்கும் நிலக்ஷியின் தாத்தா, செல்லசாமி. அவளுடைய தகப்பன் ஜீவராஜ் கொழும்பில் கடையொன்றில் வேலை செய்கிறான். தாய் நாகலெட்சுமி விடிந்தால் தேயிலைக் கொழுந்தெடுக்கப் போய்விடுவாள். ஆகையால் பிள்ளையின் படிப்புக்கு நான்தான் பொறுப்பு.

நேரில் வந்து கேட்கலாம். வரமாட்டேன். பதினெட்டு வருடத்துக்கு முன் உங்கள் பள்ளிக்கூடத்தில் அதிபராக இருந்தவர் என்னைக் கதவுக்கு வெளியே நிறுத்தி, "மூணாம் வகுப்புப் படிச்ச ஆளுக்கு இங்க என்ன பேச்சு?" என்று கேட்டார். அன்றிலிருந்து அந்த வாசலை மிதித்ததில்லை. அவர் ஓய்வுபெற்றுப் போய்விட்டாராம். வாசல் அதே வாசல்தான். தொலைபேசியும் வேண்டாம். பேசியதை அப்படிப் பேசவில்லை என்று சொல்லிவிடலாம், எழுதியதைச் சொல்ல முடியாது.

தினமும் பின்னேரம் நிலக்ஷியின் கணக்குக் கொப்பியை வாங்கிப் பார்ப்பது என் வழக்கம். இரண்டு கிழமையாக ஒவ்வொரு நாள் கணக்குக்கும் மேலே, தாளின் மூலையில், "பெரட்டு - 6 சுற்று" என்று எழுதியிருக்கிறது. இது என்ன கணக்கு என்று கேட்டேன்.

"டீச்சர் ஓடச் சொல்றாங்க தாத்தா. கணக்குப் பாடத்துல மொதல் பதினஞ்சு நிமிஷம்."

ஆசிரியை அவர்களே, பாடம் நாற்பது நிமிடம். அதில் பதினைந்தை மைதானத்தில் கொட்டுகிறீர்கள். இந்தப் பிள்ளை முதல் தவணையில் கணக்கில் எடுத்தது முப்பத்திநான்கு. சாதாரண தரப் பரீட்சையில் கணக்குத் தேறாவிட்டால் உயர்தரம் கிடையாது. அதற்குப் பிறகு அவளுக்கு இருப்பது கொழுந்துக்கூடை, இல்லையென்றால் கொழும்பில் ஒரு தையல் ஆலை.

அதைவிடப் பெரிய குறை அந்தச் சொல். விடியற்காலையில் தொழிலாளிகளை வரிசையில் நிறுத்தி, பேர் கூப்பிட்டு, மலைக்கு வேலைக்கு அனுப்புவதுதான் பெரட்டு. எங்கள் வீட்டில் நாலு தலைமுறை அந்த வரிசையில் நின்று உடம்பால் உழைத்தது. இந்த ஒருத்தியாவது உட்கார்ந்து தலையால் உழைக்கட்டும் என்றுதான் அவளைப் பள்ளிக்கூடத்துக்கு அனுப்புகிறேன். அங்கேயும் பெரட்டா?

பதில் எதிர்பார்க்கிறேன்.

மு. செல்லசாமி


பொகவந்தலாவை.
6 ஜூன் 2025

மதிப்புக்குரிய செல்லசாமி ஐயா அவர்களுக்கு,

நாளைக்கு ஹஜ்ஜுப் பெருநாள். ஊருக்குப் புறப்படுமுன் உங்களுக்குப் பதில் எழுதிவிட வேண்டும் என்று பஸ்ஸை விட்டுவிட்டு உட்கார்ந்திருக்கிறேன். கொப்பியைத் தினமும் பார்க்கிற ஒருவர் ஒரு வீட்டிலாவது இருக்கிறார் என்பது எனக்குச் சந்தோஷம். அவர் என்னைத் திட்டுவதற்காகப் பார்த்தாலும் பரவாயில்லை.

எங்கள் கணிதப் பாடம் பதினொன்றரைக்கு. அதற்கு முன் பிள்ளைகள் நான்கு மணி நேரம் உட்கார்ந்துவிட்டார்கள். அதற்கும் முன் பஸ்ஸில், ஓட்டோவில் உட்கார்ந்து வருகிறார்கள். பள்ளி விட்டதும் டியூஷனில் உட்காருகிறார்கள். நான் கரும்பலகைக்குத் திரும்பி மறுபடி வகுப்பைப் பார்க்கும்போது கண்கள் திறந்திருக்கும், பின்னால் ஆள் இருக்கமாட்டார்.

நிலக்ஷிக்குக் கணக்குத் தெரியும் ஐயா. வாயால் கேட்டால் வழியைச் சொல்கிறாள். எழுத உட்கார்ந்தால் மூன்றாவது வரிக்கு வரும்போது முதல் வரியில் என்ன கேட்டார்கள் என்பது கையைவிட்டுப் போய்விடுகிறது. அவள் மட்டுமல்ல, பாதி வகுப்பு அப்படித்தான். இந்த வயதுப் பிள்ளைகள் மூச்சு வாங்கும் அளவுக்கு உடம்பை அசைத்தால், அதற்குப் பின் கொஞ்ச நேரம் கவனம் நன்றாக நிற்கிறது, பல விஷயங்களை ஒரே நேரத்தில் மனதில் பிடித்துவைக்க முடிகிறது என்று வாசித்தேன். செய்து பார்க்கிறேன். ஓடினால் தெரியாத கணக்குத் தெரிந்துவிடாது. தெரிந்த கணக்கைப் போட அந்த ஆள் வகுப்பில் இருப்பாள், அவ்வளவுதான். தூங்குகிற நாற்பது நிமிடத்தைவிட விழித்திருக்கிற இருபத்தைந்து நிமிடம் எனக்குப் போதும்.

இதற்காக ஆசிரியர் அறையில் நான் வாங்காத கேலி இல்லை. "ரிஸ்லா டீச்சர், பைதகரஸ் எத்தனை ரவுண்டு ஓடினாராம்?" என்று ஒருவர் தினமும் கேட்கிறார்.

அந்தச் சொல் வகுப்பில் வழங்குகிறது. அது உங்களைப் புண்படுத்தியிருந்தால் பொறுப்பு என்னுடையது. தயவுசெய்து பிள்ளையை ஓட விடுங்கள்.

இப்படிக்கு,
எம். ஆர். ரிஸ்லா


மேல் டிவிசன்.
9 ஜூன் 2025

ஆசிரியை அவர்களுக்கு,

உங்கள் கடிதத்தை மூன்று தரம் வாசித்தேன். நன்றாக எழுதுகிறீர்கள். ஆனால் நிலக்ஷி ஓடமாட்டாள்.

வாசித்தேன் என்கிறீர்கள். நானும் வாசிக்கிறவன்தான். யாருடைய பிள்ளைகளை ஓடவிட்டு அதை எழுதினார்கள்? முட்டை தின்று, பால் குடித்து, மெத்தையில் தூங்கி எழும்பி வருகிற பிள்ளைகளை. காலையில் ஒரு ரொட்டியும் சம்பலும் தின்றுவிட்டு வருகிற பிள்ளை பதினொன்றரைக்கு ஓடினால் கவனம் வராது, மயக்கம் வரும்.

மற்றவர்கள் ஓடும் பதினைந்து நிமிடம் அவள் வகுப்பில் உட்கார்ந்து நான் கொடுத்துவிடும் கணக்குகளைச் செய்யட்டும். தினமும் ஐந்து கணக்கு எழுதி அனுப்புகிறேன். பழைய புத்தகத்திலிருந்து எடுத்தவை, ஆனால் சரியான கணக்குகள். தவணைப் பரீட்சையில் பார்ப்போம், ஓடியவர்கள் எங்கே, உட்கார்ந்தவள் எங்கே என்று.

ஜனவரியிலிருந்து அவளுக்கு ஓட்டோ ஏற்பாடு செய்ததும் இதற்காகத்தான். போன வருடம்வரை குறுக்குப் பாதையால் முக்கால் மணி நேரம் நடந்து வந்தாள். அந்த நேரத்தை மிச்சப்படுத்திப் படிக்க வைத்திருக்கிறேன். நான் மிச்சப்படுத்தியதை நீங்கள் மைதானத்தில் செலவழிக்கிறீர்கள்.

மு. செல்லசாமி


பொகவந்தலாவை.
27 ஜூன் 2025

மதிப்புக்குரிய ஐயா,

சாப்பாடு பற்றி நீங்கள் எழுதியது சரி. அதை நான்தான் முதலில் யோசித்திருக்க வேண்டும். இப்போது ஓட்டத்துக்கு முன் ஒவ்வொருவரையும் கேட்கிறேன். சாப்பிடாமல் வந்த பிள்ளை ஓடுவதில்லை, மெல்ல நடக்கிறது.

நீங்கள் சொன்னபடியே நிலக்ஷி மூன்று கிழமையாக வகுப்பில் இருந்து உங்கள் கணக்குகளைச் செய்கிறாள். செய்கிறாள் என்று எழுதக் கை தயங்குகிறது. கொப்பி விரிந்திருக்கும், அவள் யன்னலில் இருப்பாள். நேற்று கீழேயிருந்து அவளுடைய கூட்டாளி சர்மிளா கத்தினாள்:

"ஏய் நிலக்ஷி, எறங்கி வா! ஒங்க தாத்தா என்ன இங்கயா நிக்கிறாரு?"

"அவரு நாலாம் நம்பர் மலையில நின்னாலும் பாப்பாருடி."

நானும் சிரித்தேன், மன்னித்துக்கொள்ளுங்கள். அப்புறம் மேலே பார்த்தேன். மைதானத்துக்கு மேலே ரோட்டில் கறுப்புக் குடையோடு ஒருவர் நின்றார்.

புதன்கிழமை ஒரு சிறு பரீட்சை வைத்தேன். ஓடுகிற இருபத்திரண்டு பேரில் பதின்மூன்று பேருக்குப் புள்ளி கூடியிருக்கிறது. ஐந்து பேர் இருந்த இடத்திலேயே இருக்கிறார்கள். நால்வருக்குக் குறைந்திருக்கிறது. குறைந்ததை மறைக்க விரும்பவில்லை. இதை வைத்து எதையும் நிரூபித்துவிட்டேன் என்றும் சொல்லவில்லை. நிலக்ஷி முப்பத்தொன்று. ஐந்தாவது கணக்குக்கு மேல் வெறும் தாள்.

ஐயா, ஒன்று கேட்கலாமா? உங்கள் கணக்குகளை நானும் ஓய்வு நேரத்தில் செய்து பார்த்தேன். இரண்டு எனக்கே கஷ்டமாக இருந்தது. மூன்றாம் வகுப்போடு பள்ளியை விட்டவர் இவ்வளவையும் எப்படிப் படித்தீர்கள்? எங்கே உட்கார்ந்து படித்தீர்கள்?

இப்படிக்கு,
ரிஸ்லா


மேல் டிவிசன்.
30 ஜூன் 2025

ஆசிரியை அவர்களுக்கு,

குடையோடு நின்றது நான்தான். தபால் கந்தோருக்கு வந்தேன். தபால் கந்தோர் மற்றப் பக்கம் இருக்கிறது என்பது எனக்கும் தெரியும்.

பார்த்ததைச் சொல்கிறேன். மண் வழுக்குகிறது, மூலையில் தண்ணீர் நிற்கிறது. அங்கே ஓடவிடுவது சரியில்லை. கடைசியாக ஒரு பிள்ளை மூச்சு வாங்க வந்தது. அதை யாரும் விரட்டவில்லை, அது வந்து சேரும்வரை நீங்கள் நின்றீர்கள். அதையும் பார்த்தேன்.

நான் எங்கே உட்கார்ந்து படித்தேன் என்பது உங்களுக்குத் தேவையில்லாத கேள்வி.

முப்பத்தொன்று என்றால் பிள்ளைக்குப் புத்தி மைதானத்தில் இருக்கிறது என்று அர்த்தம். அதைக் காட்டி ஆசையை மூட்டியது யார்? நீங்கள் ஓட்டத்தை நிறுத்தினால் அவள் யன்னலைப் பார்க்கமாட்டாள்.

அந்தச் சொல்லுக்கு இன்னும் நீங்கள் ஒழுங்காகப் பதில் சொல்லவில்லை. எங்கள் பிள்ளைகள் வாயில் அதை வைத்தவர் நீங்கள். பஸாரில் கடை வைத்திருந்தவர் வீட்டில் பிறந்தவர் நீங்கள் என்று விசாரித்தேன். பெரட்டு உங்களுக்கு வேடிக்கை. வரிசையில் நின்றவனுக்கு அது வேடிக்கை அல்ல. தோட்டத்து லய வீட்டுப் பிள்ளைகளைப் பெரட்டுக்குத்தான் லாயக்கு என்று நினைக்கிறவர்களில் நீங்களும் ஒருவர்.

பத்தாம் திகதிக்குள் ஓட்டம் நிற்காவிட்டால் ஹட்டன் கல்விக் கந்தோருக்கு எழுதுவேன். எனக்குச் சிங்களத்திலும் எழுதத் தெரியும்.

மு. செல்லசாமி


பொகவந்தலாவை.
3 ஜூலை 2025

ஐயா அவர்களுக்கு,

உங்கள் கடிதத்தை அதிபரிடம் நானே காட்டினேன். எழுத்தில் முறைப்பாடு வந்தால் நிறுத்திவிடத்தான் வேண்டும் என்றார். இன்று ஓட்டம் இல்லை. இனியும் இல்லை. நீங்கள் ஹட்டனுக்கு எழுத வேண்டியதில்லை.

பதினொன்றரைக்கு நான் உள்ளே போனபோது இருபத்திரண்டு பேரும் வாசலில் நின்றார்கள். உட்காருங்கள் என்றேன். "ஏன் டீச்சர்?" என்று கேட்டார்கள். அதிபர் வேண்டாமென்றார் என்று மட்டும் சொன்னேன். உங்கள் பேரைச் சொல்லவில்லை. நிலக்ஷி தலையைத் தூக்கவில்லை.

வாப்பாவின் கடை பஸார் மூலையில் இருந்தது, உண்மைதான். சின்ன வயதில் காலையில் கடை வாங்கில் உட்கார்ந்திருப்பேன். "பெரட்டுக்கு நேரமாச்சு நானா" என்று ஆட்கள் பாதித் தேநீரை வைத்துவிட்டு ஓடுவார்கள். ஏன் அப்படி ஓடுகிறார்கள், பிந்தினால் என்ன நடக்கும் என்று ஒருநாளும் நான் கேட்டதில்லை. அது என் குறை. அதற்கு வருந்துகிறேன்.

சொல்லைப் பற்றி வேறொன்றும் எழுதப்போவதில்லை. என் வகுப்பில் நடந்தது, அதனால் என்னுடையது. ஆனால் லயத்துப் பிள்ளைகளை நான் தாழ்வாக நினைக்கிறேன் என்று நீங்கள் எழுதியது உண்மையல்ல. அதை மட்டும் சொல்லி வைக்கிறேன்.

ரிஸ்லா


மேல் டிவிசன்.
8 ஜூலை 2025

டீச்சர் அவர்களுக்கு,

வெள்ளிக்கிழமை நிலக்ஷி வீட்டுக்கு வந்து கணக்குக் கொப்பியை என் முன் வைக்கவில்லை. கேட்டேன். தரமாட்டேன் என்றாள். பதினைந்து வருடத்தில் அவள் என்னிடம் மாட்டேன் என்றது அதுதான் முதல் தடவை.

"டீச்சருக்கு என்ன எழுதுனீங்க?"

"எழுத வேண்டியத எழுதுனேன். பிள்ளைங்களுக்குப் பெரட்டுன்னு பேர் வெச்சுக் கேலி பண்ற ஆளுக்கு வேற என்னத்த எழுதுறது?"

"அந்தப் பேர வெச்சது டீச்சர் இல்ல. நான்."

அவளே மேலும் சொன்னாள். "நீங்கதான தாத்தா சொன்னீங்க, பிந்திப் போனா பெரட்டுல பேர் குடுக்கமாட்டாங்க, அன்னைக்கு நீங்க ஆளே இல்லைன்னு. இங்க கடைசியா வந்தாலும் டீச்சர் பேர் கூப்பிட்டு எழுதுவாங்க. யாரையும் திருப்பி அனுப்ப மாட்டாங்க. அதான் நான் சொன்னேன், இது நம்ம பெரட்டுடின்னு. எல்லாரும் சிரிச்சாளுக. அப்படியே ஒட்டிக்கிச்சு." அப்புறம், "நீங்க மூணு கிழமையா என்னைத்தான் திருப்பி அனுப்புனீங்க" என்றாள்.

நாகலெட்சுமி குசினியிலிருந்து எட்டிப் பார்த்தாள். "மாமா, தேத்தண்ணி ஆறுது" என்று சொல்லிவிட்டு உள்ளே போய்விட்டாள். என் பக்கமும் பேசவில்லை, மகள் பக்கமும் பேசவில்லை. அது எந்தப் பக்கம் என்று எனக்குத் தெரியும்.

கொப்பியில் இருந்தது அவளுடைய கையெழுத்துதான். தினமும் பார்க்கிறவன் நான். யார் சொல்லி எழுதினாள் என்றுதான் யோசித்தேன், அவளே எழுதியிருப்பாள் என்று யோசிக்கவில்லை. நீங்களும் அவளைக் காட்டிக்கொடுக்கவில்லை.

பிந்தினால் என்ன நடக்கும் என்று கேட்டதில்லை என்று எழுதியிருந்தீர்கள். இப்போது சொல்கிறேன். எனக்குப் பதின்மூன்று வயதில் தோட்டத் தொழிலாளியாகப் பேர் பதிந்தார்கள். பெரட்டுக்களம் எங்கள் லயத்திலிருந்து ஒன்றரை மைல் மேலே. மழை நாளில், கால்செருப்பில்லாமல், இருட்டில் ஓடுவேன். ஒரு நாள் காலில் கடித்த அட்டையைத் தட்டிவிடக் குனிந்து நின்றதில் பிந்திவிட்டது. என் பேரைக் கூப்பிட்டு முடித்துவிட்டார்கள். பேர் கூப்பிட்ட கண்டாக்கையா என்னைப் பார்த்துக்கொண்டே கொப்பியை மூடினார். "போ லயத்துக்கு" என்றார். எல்லாரும் மலைக்குப் போனார்கள். நான் மட்டும் அவர்கள் பார்க்கக் கீழே இறங்கி நடந்தேன். ஓட்டம் என்றால் எனக்கு அதுதான், டீச்சர். பிள்ளைகள் சிரித்துக்கொண்டு ஓடுவார்கள் என்று அன்று ரோட்டில் நின்று பார்க்கும்வரை எனக்குத் தெரியாது.

அடுத்தது, நான் எங்கே உட்கார்ந்து படித்தேன் என்ற கேள்வி. இந்த எட்டு நாளும் அதற்குப் பதில் தேடினேன். கிடைக்கவில்லை. ஏனென்றால் நான் உட்காரவில்லை.

பழைய தாள் வாங்குகிறவனிடம் அட்டையில்லாத கணக்குப் புத்தகம் ஒன்று கிடைத்தது. ஒரு நாளைக்கு ஒரு தாள் கிழித்துத் தலைப்பாகைக்குள் வைத்துக்கொள்வேன். தேயிலைச் செடி வெட்டக் கவ்வாத்து மலைக்கு ஏறும்போது எடுத்து ஒரு கணக்கை வாசிப்பேன். ஏறி முடிவதற்குள் மனதுக்குள் போடுவேன். வரவில்லையென்றால் இறங்கும்போது போடுவேன். அனேகமாக இறங்கும்போது வந்துவிடும். லயத்தில் உட்கார்ந்து பார்த்த நாட்களில் தூக்கம்தான் வந்தது. உட்கார்ந்து படிப்பதுதான் படிப்பு என்று எனக்கு யார் சொன்னார்கள் என்று தெரியவில்லை. உட்கார்ந்திருந்தவர்கள் எல்லாரும் பெரிய ஆட்களாக இருந்தார்கள். அதைப் பார்த்து நானே நினைத்துக்கொண்டேன் போல.

நடந்து வந்த வருடம் நிலக்ஷி கணக்கில் எடுத்தது ஐம்பத்தெட்டு. ஓட்டோவில் வருகிற வருடம் முப்பத்திநான்கு. இதை நீங்கள் கவனித்தீர்களோ என்னவோ, நான் கவனித்துவிட்டேன். பாடம் கடினமாகிவிட்டது என்பதும் காரணமாக இருக்கலாம். அதற்காகக் குறுக்குப் பாதையில் நடக்கவிடமாட்டேன். மூன்று மாதத்தில் இரண்டு நாயைச் சிறுத்தை தூக்கியிருக்கிறது.

இத்துடன் அதிபருக்கு ஒரு கடிதம் வைத்திருக்கிறேன். என் முறைப்பாட்டை வாபஸ் வாங்குகிறேன் என்றும், மூலையில் தேங்கும் தண்ணீருக்குக் கான் வெட்ட வேண்டும் என்றும் எழுதியிருக்கிறேன். மண்வெட்டி பிடிக்க ஆள் இல்லையென்றால் எங்கள் லயத்திலிருந்து நான்கு பேர் சனிக்கிழமை வருவார்கள். பேசிவிட்டேன்.

மன்னிப்புக் கேட்கவில்லை. கேட்டுப் பழக்கமில்லை. முப்பதாம் திகதிக் கடிதத்தில் உங்களைப் பற்றி நாலு வரி எழுதினேன். கடிதம் உங்கள் கையில் இருக்கிறது. நீங்களே அதை அடித்துவிடுங்கள்.

பாடம் நாற்பது நிமிடம் என்பதில் நான் இன்னும் விட்டுக்கொடுக்கவில்லை. நிலக்ஷி ஓடட்டும். தேறினால் அது அவளுடைய தலை. தவறினால் உங்களுடைய மைதானம்.

மு. செல்லசாமி


பொகவந்தலாவை.
15 ஜூலை 2025

மதிப்புக்குரிய ஐயா,

கான் வெட்டிய நால்வரில் வயதானவர் யார் என்று அதிபர் கேட்டார். தெரியாது என்று சொல்லிவிட்டேன். வாசலால் வராமல் மேல் ரோட்டிலிருந்து வேலியைத் தாண்டி இறங்கினாராம். அடுத்த முறை மெதுவாக இறங்கச் சொல்லுங்கள்.

நேற்று நிலக்ஷி ஓடினாள். கடைசியாகத்தான் வந்தாள். சர்மிளா முழுச் சுற்றும் அவளுக்கு ஒரு எட்டு முன்னால் ஓடி, "பாட்டி, கம்பு வேணுமா?" என்று கேட்டுக்கொண்டே இருந்தாள். திரும்பி வந்து உட்கார்ந்து ஐந்து கணக்கில் மூன்றைச் செய்தாள். இரண்டு சரி. அற்புதம் ஒன்றும் நடக்கவில்லை. பரீட்சைக்கு ஏழு மாதம் இருக்கிறது, எனக்கும் பயமாகத்தான் இருக்கிறது.

ஆனால் இன்று கரும்பலகையில் நான் ஒரு வட்டக் கணக்கை எழுதி, பாதி தூரம் விளக்கிக்கொண்டு போனேன். இருபத்திரண்டு பேரும் தலையாட்டினார்கள். பின் வாங்கிலிருந்து நிலக்ஷி எழும்பினாள்.

"டீச்சர், நீங்க ஆரைய போடல. விட்டத்தப் போட்டிருக்கீங்க."

கேள்வியின் முதல் வரியை மறுபடி பார்த்தேன். அவள் சொன்னது சரி. நான் எழுதியதை அவர்கள் முன்னாலேயே அழித்துவிட்டுத் திருத்தி எழுதினேன்.

ரிஸ்லா